சேர்வராயன் மலையும் கண்ணொளி அறமும்

(தசலட்சணப் பருவ நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறையில் ஏற்காட்டுக்குச் சென்று வராத குடும்பங்கள் இந்த அவையில் குறைவாகவே இருக்கும். சேலத்திலிருந்து அடிவாரம் கடந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏரியில் படகுவிட்டு, மாலையில் லேடீஸ் சீட் பாறைகளின் அருகே நின்று கீழே நோக்கியவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். இருள் சூழச் சூழச் சேலம் மாநகரின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பெற்று, சற்று நேரத்தில் மலைக்குக் கீழே இன்னொரு வானம் விரிந்தாற்போலத் தோன்றும்.

அந்த விளக்குகளுக்கு இடையேதான் சேலத்தின் கண் மருத்துவமனைகளும் இருக்கின்றன. மோகன் குமாரமங்கலம் பெயரால் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவும், அரவிந்த் கண் மருத்துவமனையின் சேலம் கிளையும் அங்கே உள்ளன. மலையுச்சியில் நிற்பவருக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள சாலைத் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சுற்றுலா செல்பவருக்கு அது ஒரு மணி நேரப் பயணம். கண்புரை முற்றிய ஒரு தோட்டத் தொழிலாளிக்கோ, அந்த 30 கிலோமீட்டர் சில வேளை வாழ்நாள் முழுதும் கடக்க முடியாத தொலைவாகிவிடுகிறது. இன்றைய உரையின் பொருள் அந்தத் தொலைவும், அதைக் குறைக்க அறச்சிந்தையுடையோர் செய்யக்கூடியனவும் ஆகும்.

மலையும் மக்களும்

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையின் உச்சியான சேர்வராயன் கோயில் பகுதி 1,600 மீட்டரையும் தாண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அன்று தொடங்கிய காப்பித் தோட்டங்களும், அவற்றின் நிழல்மரங்களில் படரும் மிளகுக் கொடிகளுமே இன்றும் மலையின் வாழ்வாதாரம். மலையில் வழிவழியாக வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணுதல் கூடாது. அவர்கள் தமிழ் பேசுபவர்கள். மலையை ஆள்பவர் என்பதே அப்பெயருக்கு அவர்கள் தரும் பொருள்.

சுற்றுலாப் பயணி காணும் ஏற்காடு, ஏரியைச் சுற்றியுள்ள சிறு நகரம் மட்டுமே. அதற்கு அப்பால் மலையின் மடிப்புகளில் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. சில ஊர்களிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கே தோட்டங்களினூடே நடந்து வர வேண்டும். கண் தெளிவாக உள்ளவர்க்கு அது இனிய நடை. பார்வை மங்கியவர்க்கு, மழையில் வழுக்கும் கல்லும் வேரும் நிறைந்த அந்த ஒற்றையடிப் பாதையே முதல் தடை.

1976ஆம் ஆண்டின் இரு தொடக்கங்கள்

இந்தியாவில் கண் மருத்துவ வரலாற்றில் 1976ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டத்தை மைய அரசு தொடங்கியது அவ்வாண்டிலேயே. அதே ஆண்டில் மதுரையில், அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வேங்கடசாமி 11 படுக்கைகளுடன் ஒரு சிறு கண் மருத்துவமனையைத் திறந்தார். அரவிந்தர்பால் கொண்ட பற்றினால் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1918இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையிலேயே கடுமையான முடக்குவாதத்துக்கு ஆளானார். விரல்கள் நிலையாக வளைந்துபோயின. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டு, நுண்ணிய கண் அறுவையில் தேர்ந்து, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார் என்பது மருத்துவ உலகம் வியந்து கூறும் செய்தி. 2006இல் அவர் மறைந்தபோது, அந்த 11 படுக்கைகள் உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்திருந்தன.

வளர்ச்சியின் அடிப்படை எளிமையானது. கட்டணம் செலுத்த இயன்றவர் செலுத்துவார். இயலாதவர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பெறுவார். எந்த வரிசையில் நிற்பது என்பதை நோயாளியே தேர்ந்துகொள்வார். வருமானச் சான்று கேட்பதில்லை. அறுவையறையில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். ஆயத்தப்படுத்துவோர், பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்து இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பெற்று, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் உள்நாட்டிலேயே செய்யப்பட்டது. இறக்குமதி லென்ஸ் விலையின் சிறு பகுதியிலேயே அது கிடைத்ததால், ஏழையின் கண்ணுக்கும் செல்வரின் கண்ணுக்கும் லென்ஸ் பொருத்துவது இயல்பாயிற்று. அதற்கு முன் இலவச அறுவை பெற்ற ஏழைகள் பலர், தடித்த கண்ணாடியை அணிந்தே காலம் கழித்தனர்.

எனினும் அந்த அமைப்பு கற்ற பெரிய பாடம் அறுவையறையில் கிடைத்ததன்று. ஊர்ப்புற முகாம்கள் நடந்த பகுதிகளில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வொன்று 1999இல் வெளியானது. கண் மருத்துவம் தேவைப்பட்டவர்களுள் ஏழு விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே இலவச முகாமுக்கு வந்திருந்தனர் என்று அது காட்டிற்று. முகாம் ஊர் அருகிலேயே நடந்தது, சோதனை இலவசம், ஆயினும் நூற்றுவரில் தொண்ணூற்று மூவர் வரவில்லை. அச்சம், செலவு, வீட்டுப் பொறுப்பு, துணைக்கு ஆளின்மை, முதுமையில் பார்வை மங்குவது இயல்பே என்ற எண்ணம் ஆகியவை அவர்களைத் தடுத்தன.

சமவெளியிலேயே இந்நிலை என்றால், மலையில் எத்தகையதாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு முதியவளின் கணக்கு

சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் வாழும், அறுபத்தைந்து வயதுக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவரை மனத்தில் கொள்ளலாம். இரு கண்ணிலும் புரை. பழுத்த காய்க்கும் பச்சைக் காய்க்கும் வேறுபாடு தெரியவில்லை என்று மேற்பார்வையாளர் கடிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கீழே இலவச அறுவை உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

அவருடைய கணக்கு இவ்வாறு ஓடும். தனியே செல்ல இயலாது. மகனோ மருமகளோ உடன் வர வேண்டும். இருவருக்கும் பேருந்துச் செலவு. இருவருக்கும் கூலி இழப்பு. சோதனைக்கு ஒரு நாள், அறுவைக்கு ஒரு நாள், மறுநாள் கட்டு அவிழ்க்க ஒரு நாள், ஒரு மாதத்துக்குப் பின் மறுபார்வைக்கு ஒரு நாள். காப்பிப் பழம் பறிக்கும் காலமான கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அந்த நாள்களை இழந்தால், ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி போகும். அறுவைக்குப் பின் சில வாரம் கண்ணில் தூசியும் நீரும் படக் கூடாது என்பார்கள். விறகடுப்பில் சமைப்பது யார்? இவ்வளவையும் கூட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று முடிவு செய்வார்.

இலவச மருத்துவத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை நோயாளியே செலுத்துகிறார் என்பதை அவருடைய கணக்கு காட்டுகிறது. மருத்துவமனை அறுவைக் கட்டணத்தை நீக்குகிறது. வழிச்செலவையும் துணையையும் கூலியையும் நீக்குவது பெரும்பாலும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அறக்கட்டளைகளின் இடம் அங்கேதான் இருக்கிறது.

கண் மருத்துவமனை தரும் சேவைகள்

உதவி செய்ய முன்வருவோர் எந்த நோய்க்கு என்ன மருத்துவம் உண்டு, எதற்கு விரைவு தேவை என்பதை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது கண்புரை. உலகில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் இதுவே. பார்வையை முழுமையாக மீட்டுத் தரக்கூடியதும் இதுவே. கண்ணிலுள்ள இயற்கை லென்ஸ் கலங்கிப் போவதே புரை. சொட்டு மருந்தாலோ கண்ணாடியாலோ அது நீங்காது. சிறு துளை வழியே கலங்கிய லென்ஸை அகற்றிப் புதிய லென்ஸைப் பொருத்துவார்கள். பாகோ என்னும் முறையில் ஒலியதிர்வு கொண்டு புரையை உடைத்து உறிஞ்சுவர். தையலற்ற சிறு வெட்டு முறையில் கையாலேயே எடுப்பர். முற்றிய, கடினமான புரைக்கு இரண்டாவது முறை ஏற்றதாக அமைவதுண்டு. இலவச முகாம் நோயாளிகளுக்குச் செய்யப்படுவதால் அதைத் தரம் குறைந்தது என எண்ணலாகாது. மரத்துப்போகும் மருந்து செலுத்திப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடியும் அறுவை அது. "புரை முற்றட்டும்" என்று காத்திருப்பதும், "குளிர்காலத்தில்தான் செய்ய வேண்டும்" என்று தள்ளிப்போடுவதும் பழைய வழக்கங்கள். இன்று அவற்றுக்குத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் பார்வை மீண்டும் மங்கினால், லென்ஸின் பின்சவ்வு தடித்திருக்கலாம். லேசர் கொண்டு சில நிமிடங்களில் அது சரி செய்யப்படும்.

இரண்டாவது கண் நீர் அழுத்த நோய். கிளாக்கோமா என்று வழங்கும் இது பெரும்பாலும் வலியின்றி, ஓரப்பார்வையைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். இழந்த பார்வை எந்த அறுவையாலும் திரும்பாது. எஞ்சியதைக் காப்பதற்கே சொட்டு மருந்தும் லேசரும் அறுவையும். நாற்பது வயதுக்கு மேற்பட்டோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும் அழுத்தத்தையும் கண் நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்கி நாள்கணக்கில் இடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண் அழுத்தத்தை உயர்த்தும் என்பது பலர் அறியாதது.

மூன்றாவது நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு. தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது. நீரிழிவு உள்ளவர் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. லேசர் மருத்துவமும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் உரிய காலத்தில் பார்வையைக் காக்கும்.

நான்காவது குழந்தைகளின் கண். குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறந்த குழந்தைகளுக்கு, விழித்திரையின் குருதிக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையை முற்றிலும் அழிக்கக்கூடும். 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைச் சோதனை செய்யப்பட வேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டால் வாழ்நாள் முழுதும் இருள். குழந்தையின் பாவையில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது புரையாகவும் இருக்கலாம், உயிரையே பறிக்கும் கட்டியாகவும் இருக்கலாம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டால், அந்தக் கண் பார்க்கப் பழகாமலே சோம்பிப்போகும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியும், நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சியும் தந்தால் பெரும்பாலும் மீட்கலாம். வயது ஏற ஏற மீட்பது கடினமாகும்.

மலைக்கே உரிய இரு தேவைகள்

தோட்டத் தொழிலில் இரண்டு கண் குறைகள் தனிக் கவனம் பெற வேண்டியவை.

ஒன்று கருவிழிக் காயம். காப்பிச் செடியைக் கவாத்து செய்யும்போதும் மிளகுக் கொடியில் ஏறும்போதும் குச்சியோ இலையோ கண்ணில் கீறுவது அன்றாட நிகழ்ச்சி. கீறல் சிறியது, ஆனால் அதில் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்தால் புண்ணாகி, ஆறிய பின்னும் வெண்தழும்பாக நின்று பார்வையை மறைக்கும். பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் விடும் வழக்கம் தொற்றை மிகுவிக்கவே செய்யும். நேபாளத்தின் பக்தபூர் பகுதியில் 1990களில் ஒரு முயற்சி நடந்தது. ஊர்தோறும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உடனே நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு இட்டனர். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பெற்றவர்களுள் ஒருவருக்கும் கருவிழிப் புண் உண்டாகவில்லை என்று அந்த ஆய்வு பதிவு செய்தது. சில ரூபாய் விலையுள்ள களிம்பும், பயிற்சி பெற்ற ஓர் ஊர்ப்பெண்ணும், ஒரு கண்ணின் ஆயுளைக் காக்கப் போதுமாயின. மலைச் சிற்றூர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறொன்று அரிது.

மற்றொன்று வெள்ளெழுத்து. நாற்பது வயதைக் கடந்தவர்க்கு அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரியாமை அது. படிப்பவர்க்கே அது தேவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று அந்த எண்ணத்தை மாற்றியது. எளிய வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாகத் தேயிலை பறித்தனர். காப்பிப் பழம் பறித்தலுக்கும், கொட்டை பொறுக்கித் தரம் பிரித்தலுக்கும், மிளகு ஆய்தலுக்கும் அதே கண்தான் வேண்டும். கூலி, பறித்த எடையைப் பொறுத்து அமையும் இடத்தில், ஒரு கண்ணாடி ஒரு குடும்பத்தின் உலைநீர்.

தொலைவைக் குறைக்கும் வழிகள்

கூடாரத்திலும் பள்ளி வகுப்பறையிலும் அறுவை செய்த காலம் ஒன்று இருந்தது. தொற்று நேர்ந்து பலர் கண்ணிழந்தமையால் அம்முறை கைவிடப்பட்டது. இன்று முகாமில் சோதனை மட்டுமே, அறுவை மருத்துவமனையில். தேர்ந்தெடுக்கப்பட்டோரை வண்டியில் அழைத்துச் சென்று, உணவளித்து, தங்கவைத்து, அறுவை முடித்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடுவதே நெறி. மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் இசைவோடு இது நடைபெறும்.

இதனினும் நிலையான வழி, பார்வை மையம். 2004ஆம் ஆண்டு முதல் அரவிந்த் அமைப்பு ஊர்ப்புறங்களில் இத்தகைய மையங்களைத் திறந்து வருகிறது. இன்று அவை நூற்றுக்கும் மேல். சிறு கட்டடத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்து, படங்களை இணைய வழி அனுப்ப, தலைமை மருத்துவமனையிலுள்ள மருத்துவர் காணொளியில் நோயாளியோடு நேரில் பேசி மருந்து எழுதுகிறார். கண்ணாடி அங்கேயே கிடைக்கும். அறுவை தேவைப்படுவோர் மட்டும் பயணம் செய்தால் போதும். ஆண்டுக்கு ஒரு நாள் வந்துபோகும் முகாமைக் காட்டிலும், ஆண்டு முழுதும் திறந்திருக்கும் ஒரு கதவு மேலானது. சாலை வளைந்து செல்லும் மலையில் அந்தக் கதவின் மதிப்பு இன்னும் கூடும்.

மலைவாழ் மக்களுக்கு உதவ விரும்பும் எந்த அறக்கட்டளையும் கருத வேண்டியவை சில உண்டு.

முகாம் நாளை மக்களின் நாள்காட்டியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அறுவடைக் காலத்தையும், மலைச்சாலையில் மண் சரியக்கூடிய வடகிழக்குப் பருவமழையையும் தவிர்த்தல் நலம். முகாமுக்கு முன்பே ஊர் ஊராகச் சென்று, வீட்டை விட்டு வெளிவராத முதியோரைத் தேடிக் கண்டு அழைக்க வேண்டும். ஒலிபெருக்கி அவர்களை எட்டாது. முன்பே அறுவை செய்து பார்வை பெற்ற ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், பத்து மருத்துவர் சொல்வதைவிட அவர் ஒருவர் சொல் அச்சத்தைப் போக்கும். பயணச் செலவோடு, துணைக்கு வருபவரின் அன்றாடக் கூலியையும் அறக்கட்டளை ஈடு செய்யலாம். ஒரு மாதத்துக்குப் பின் நடக்கும் மறுபார்வைக்கும் அதே வண்டியை அனுப்ப வேண்டும். அறுவை எண்ணிக்கையை மலரில் அச்சிடுவதோடு, மறுபார்வைக்கு வந்தவர் எண்ணிக்கையையும் அச்சிட்டால், செய்த அறம் நிறைவுற்றதா என்பது விளங்கும். மலைச் சிற்றூரிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணைக் கண் மருத்துவப் பணியாளர் பயிற்சிக்கு அனுப்பி, அவர் தம் மக்களிடையே திரும்பி வந்து பணியாற்ற வழி செய்தால், அந்த ஒருவர் பல முகாம்களுக்கு ஒப்பாவார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பிறர் கண்ணைக் காக்கும் முன் தம் வீட்டுக் கண்களைக் காத்தலும் கடமை. இப்பருவத்தில் உபவாசமும் ஏகாசனமும் மேற்கொள்ளும் முதியோர் பலர். அவர்களுள் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து இடுவோர் விரத நாளில் அதை நிறுத்திவிடுவதுண்டு. சொட்டு மருந்து தவறும் நாளில் அழுத்தம் மீண்டும் ஏறும். ஏறிய அழுத்தம் கொண்டுபோகும் பார்வை திரும்பாது. நீரிழிவு உள்ளோர் மருந்தையும் உணவையும் ஒருங்கே மாற்றும்போது குருதிச் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போகலாம். விரதத்துக்குச் சில நாள் முன்பே மருத்துவரைக் கலந்து, ஐயமிருப்பின் சமயப் பெரியோரையும் கேட்டுத் தெளிந்துகொண்டால், தவமும் கெடாது, கண்ணும் கெடாது. இளையோர் தம் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே இதைக் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது கண் தானம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. தசலட்சணப் பருவமும் பெரும்பாலும் அதையொட்டியே வருகிறது. மலைத் தொழிலாளியின் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டால், மருந்தால் அது நீங்காது. இறந்த ஒருவரின் தெளிந்த கருவிழியைப் பொருத்துவதே பல வேளை எஞ்சியிருக்கும் வழி.  மனிதர் மனிதர்க்குத் தர வேண்டியதாகவே இன்றும் உள்ளது.

இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும். உடலை விரைந்து தகனம் செய்யும் குடும்பங்களில், உயிர் பிரிந்தவுடன் கண் வங்கிக்குச் சொல்லிவிடுதல் இன்றியமையாதது. குழுவினர் வீட்டுக்கே வருவர். கால் மணி, அரை மணி நேரத்தில் பணி முடியும். முகத்தில் விகாரம் தோன்றாது. அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவைத்தால் போதும். கண்ணாடி அணிந்தவரும், புரை அறுவை செய்துகொண்டவரும், நீரிழிவு உள்ளவரும் தரலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி போன்ற தொற்று உடையவரின் கண்கள் பயன்படா. ஒருவர் தரும் இரு கண்களால் இருவர் பார்வை பெறலாம். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. துயர வேளையில் முடிவெடுப்பவர் மனைவி மக்களே ஆதலால், விருப்பத்தை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி வைத்தலும், கண் வங்கியின் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தலுமே அந்த உறுதியைச் செயலாக்கும்.

நிறைவாக

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நான்கு தானங்களை இச்சமுதாயம் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகிறது. மலைமகள் ஒருத்தியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பார்வையோடு திரும்பக் கொண்டுவிடும் செயலில் அந்நான்கும் அடங்கும். அறுவை மருந்தாகிறது. வழியில் அளிக்கும் சோறு உணவாகிறது. அச்சத்தைப் போக்கிச் சொல்லும் சொல் அறிவாகிறது. அறியாத நகரத்தில் உடன் நிற்கும் துணை அடைக்கலமாகிறது. மும்மணிகளுள் நற்காட்சி முதலில் வைக்கப்பட்டது. அது அகக்கண்ணைக் குறித்தது என்பதை இந்த அவை நன்கறியும். அகக்கண் தெளிந்தவர், பிறர் புறக்கண் இருளில் கிடப்பதைக் கண்டும் காணாதவராய்க் கடந்துபோக மாட்டார்.

அடுத்த கோடையில் ஏற்காட்டுக்குச் செல்லும் குடும்பங்கள், லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தின் விளக்குகளைக் காணும்போது ஒரு கணம் திரும்பி, முதுகுக்குப் பின்னே இருட்டில் இருக்கும் சிற்றூர்களையும் பார்க்க வேண்டும். அங்கே விளக்கை ஏற்றியும் வெளிச்சம் காணாத முதியோர் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கும் அந்த விளக்குகளுக்கும் இடையே உள்ளது ஒரு வண்டி, ஒரு துணை, சில நாள் கூலி.

அனைத்துயிரும் இன்புற்றிருப்பதாக. ஜெய ஜினேந்திரா.